மணலா, வெறும் கண்ணாடியா? கீழக்கரைத் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கீழக்கரையில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டி பற்றிய ஆய்வு இது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு ஏறக்குறைய 255 லிட்டர். கல்லும் மணலும் அடைத்த இடம் போக அதைவிடக் குறைவாகவே தண்ணீர் நிற்கும். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு டாம்சல் மீன், ஒரு மஞ்சள் ராஸ் மீன். பவளம் கிடையாது, எல்லாம் செய்கல், செராமிக். கீழே சம்ப் (நீரைச் சுத்தம் செய்யும் துணைத்தொட்டி), அதில் ஸ்கிம்மரும் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) செராமிக் வளையங்களும். தொட்டியின் அடியில் ஏறக்குறைய மூன்று அங்குல மணல்.

இராமநாதபுரத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்குப் போய்த் தொட்டி பராமரிப்பது என் தொழில். இந்த வீட்டுக்காரர் வளைகுடா நாடுகளில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரைக் காக்கா (இந்த ஊரில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். தொட்டியை அவரே ஆசையாக அமைத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. அதன்பிறகு போனில் வந்த புகார் இது:

"தம்பி, தண்ணி தெளிவாத்தான் இருக்கு. ஆனா காலைல எந்திரிச்சுப் பார்த்தா மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. கூடத்துல ஒரு நாத்தம் வேற. உம்மா இந்தப் பெட்டியைத் தூக்கி வெளிய வைங்கன்றாங்க."

போய்ப் பார்த்தபோது அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. மீன் கழிவு கடைசியாக மாறி நிற்கும் நைட்ரேட்டுக்கான சோதனைக் குழாயில் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துச் சிவப்புக்கே போய்விட்டது. உப்பின் அளவு சரி. காக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான்: பழைய மணலை எடுத்துவிட்டுப் புது மணல் போடலாமா, இல்லை மணலே இல்லாமல் விட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்கு அழகை வைத்துப் பதில் சொல்பவர்கள்தான் அதிகம். மணல் இருந்தால் கடல் போல இருக்கும், இல்லாவிட்டால் மொட்டையாக இருக்கும் என்பார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தத் தொட்டியில் வாழும் உயிர்களில் மணல் இல்லாமல் வாழ முடியாதது எது? வாரா வாரம் குழாயைப் பிடித்துக் கசடு எடுக்கப் போவது யார்? இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மணலின் ஆழம் தானாக முடிவாகிவிடும்.

கண்ணாடி வழியே தெரிந்தது

மணலைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டுக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. மூன்று அங்குலத்தில் ஒரு வரலாறே தெரியும். இங்கே மேலே அரை அங்குலம் வெளிர் மஞ்சள். மணிகள் தனித்தனியாக, நடுவே சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள். அதற்குக் கீழே பழுப்பு, பச்சை, ஓரிடத்தில் ஊதா கலந்த கோடு. அங்கே மணியும் மணியும் ஒட்டிப்போய், இடையே சாம்பல் நிற மாவு போல ஏதோ அடைத்திருந்தது. அதற்கும் கீழே, கற்கள் உட்கார்ந்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அந்தக் கறுப்பின் விளிம்பில் சில குமிழிகள் கண்ணாடியோடு ஒட்டி நின்றன.

மெல்லிய குழாய் ஒன்றைக் கறுப்புப் பகுதி வரை இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். காக்கா முகர்ந்து பார்த்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு.

மீன்கள் மேலே வந்ததற்கு நேரடிக் காரணம் அந்த வாயுதானா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றிரவு வேறு எதையும் மாற்றாமல் ஒரு காற்றுக்கல் மட்டும் போடச் சொன்னேன். மறுநாள் காலையில் மீன்கள் இயல்பாக நீந்தின. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. அதனால் மீன் மேலே வந்ததற்கு ஆக்சிஜன் பற்றாக்குறைதான் முதல் காரணம் என்று முடிவுக்கு வந்தேன். ஏசி போட்டு ஜன்னல் மூடிய கூடம், அடியில் இரவும் பகலும் ஆக்சிஜனைத் தின்னும் கசடு, போதாத நீரோட்டம். சல்ஃபைடு இன்னும் மணலுக்குள்ளேதான் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. யாராவது ஆத்திரத்தில் கையை விட்டுக் கிளறியிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லக்கூடிய வாயு அது.

ஏன் கறுத்தது

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கறுப்பு புதிதாகத் தெரியும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. மணலுக்குள் இறங்கும் நீரில் முதலில் ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் அரிதான இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவாக விடும். இது நமக்கு வேண்டிய வேலை. நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டில் கைவைக்கும். அவை விடும் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. இதெல்லாம் நம் வடகடலின் சேற்றிலும் அன்றாடம் நடப்பதுதான். மண்டபம் பக்கம் பாக் விரிகுடாக் கரையில் வற்று நேரத்தில் சேற்றைக் காலால் கிளறினால் இதே கறுப்பு, இதே நாற்றம். அங்கே அதன் மேல் ஒரு கடலே ஓடுகிறது. இங்கே இருநூற்றுச் சொச்சம் லிட்டர்.

ஆகவே கறுப்பு என்பதே நோய் கிடையாது. அளவு மீறியதுதான் சிக்கல். மீறியதற்கு இந்த வீட்டில் மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதலாவது தண்ணீர். காக்கா செயற்கை உப்பு கலப்பதில்லை. தெரிந்த படகுக்காரர் கேனில் தென்கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். நல்ல தண்ணீர்தான். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்துக் கலங்கல் ஏறும். அப்போது அள்ளிய தண்ணீரைத் தெளியவைக்காமல் அன்றன்றைக்கே ஊற்றியிருக்கிறார்கள். கேனின் அடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சந்தனம் போல வண்டல் படிந்திருந்தது. மணிகளுக்கு இடையே அடைத்திருந்த சாம்பல் மாவு இதுதான். மணலின் இடைவெளி அடைபட்டால் ஆக்சிஜன் கீழே இறங்காது.

இரண்டாவது தீனி. உலர்ந்த கூனி, அதோடு வீட்டில் மீன் அறுக்கும்போது மிஞ்சும் துண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு நேரம் போடுகிறார்கள். ஐந்து மீன்களுக்கு அது மிகப் பெரிய விருந்து.

மூன்றாவது ஓட்டம். ஒரே ஒரு சின்ன வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் விசிறி), அதுவும் மேல்மட்டத்தைப் பார்த்து. கற்களை மணல் மேலேயே நெருக்கி அடுக்கியிருந்ததால் பின்பக்கம் நீரே நகரவில்லை. கறுப்பு அங்கிருந்துதான் தொடங்கியிருந்தது.

மணல் வந்த வழி

இந்த மணல் கடையில் வாங்கியதில்லை. உறவுக்காரப் பையன்கள் பக்கத்துக் கடற்கரையில் அள்ளி, குழாய்த் தண்ணீரில் அலசிப் போட்டது. ஒரு கைப்பிடியைக் காயவைத்து வினிகர் ஊற்றினேன். சில மணிகள் நுரைத்தன, மற்றவை சும்மா கிடந்தன. நுரைத்தவை சிப்பியும் சங்கும் உடைந்த சுண்ணாம்பு; சும்மா கிடந்தவை குவார்ட்ஸ். நம் கரையில் இப்படிக் கலந்துதான் கிடைக்கும்.

சுண்ணாம்பு மணல் போட்டால் பிஎச் இறங்கவே இறங்காது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அராகனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல் கரையத் தொடங்குவதற்கு நீரின் பிஎச் 8-க்கு நன்றாகக் கீழே போக வேண்டும். ஆக்சிஜன் இல்லாத மணல் அடியில் அது நடக்கலாம். மேலே மீன் நீந்தும் நீரில், 8.1 அளவில், மணல் பெரிதாக எதையும் தாங்கிப் பிடிப்பதில்லை. காரத்தன்மையை நீர் மாற்றித்தான் காப்பாற்ற வேண்டும். பிஎச்சுக்காக மணல் வேண்டும் என்ற வாதம் இந்தத் தொட்டிக்குப் பொருந்தாது.

புது மணலுக்கும் கரைக்கே போகலாம் என்றார்கள் பையன்கள். நான் உறுதியாக மறுத்தேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கரைமணல் அள்ளுவதைத் தடுக்கின்றன. பாறைப்பவளம் செத்துக் கரை ஒதுங்கிய துண்டானாலும் தொடக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. சட்டத்தைத் தாண்டியும் கீழக்கரைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். அவற்றில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று நீருக்குள். பூவரசன்பட்டி கீழக்கரைத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் பார் எனப்படும் பவளத் திட்டை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் எது என்று தெரியும். கரையைக் காக்கிற பார் போனால் கரை போகும். ஒரு தொட்டிக்கு ஒரு வாளிதானே என்று எல்லாரும் நினைக்கிற ஊரில் நான் கரைமணல் போட மாட்டேன்.

எதை வைத்து முடிவெடுத்தோம்

காக்காவின் கூடத்தில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினோம். வழிகள் மூன்று.

ஆழமான மணல் படுக்கை முதல் வழி. நான்கு அங்குலத்துக்கு மேல், மெல்லிய மணி, உள்ளே புழுக்களும் சின்ன உயிர்களும் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1980-களில் மொனாக்கோவில் ஜோபேர் என்ற ஆய்வாளர் மணலுக்கு அடியில் நீர் மட்டும் நிற்கும் ஓர் இடைவெளி விட்டு, படுக்கையையே நைட்ரேட் குறைக்கும் கருவியாக ஆக்கிக் காட்டினார். நல்ல முறைதான். பெரிய தொட்டி, குறைந்த தீனி, தொந்தரவு செய்யாத மனிதர்கள் வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு நேரம் கூனி போடுகிற வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, ஒரு அங்குலத்துக்கும் குறைவான மணல். ஆக்சிஜன் அடிவரை இறங்கும், கறுக்காது, கண்ணுக்கும் நிறைவு. ஆனால் வாரந்தோறும் குழாய் விட்டுக் கிளறிக் கசடெடுக்க வேண்டும். குழாயில் இழுப்பு கூடினால் மணலும் சேர்ந்து போகும். வேவ்மேக்கரைக் கூட்டினால் மணல் ஒரு மூலைக்கு ஒதுங்கும். காக்காவுக்கு முழங்கால் வலி. வாரா வாரம் குனிந்து செய்ய முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். நான் மாதம் ஒருமுறைதான் வருகிறேன்.

இப்போது இருந்த மூன்று அங்குலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது இந்த ஆழத்தைத்தான். ஆழப் படுக்கையின் நைட்ரேட் வேலையை முழுசாகச் செய்யும் அளவுக்கு ஆழமும் இல்லை, கிளறிச் சுத்தம் செய்யும் அளவுக்கு மெல்லியதும் இல்லை. கசடு இறங்கித் தங்க மட்டும் வசதியான அளவு. காரணம் எதுவும் இல்லாமல், பை எத்தனை வாங்கினோமோ அத்தனையையும் கொட்டுவதால் வருகிற ஆழம் அது.

மூன்றாவது வெறும் கண்ணாடி. கசடு கண்ணுக்குத் தெரியும். ஓட்டத்தைச் சரியாகத் திருப்பினால் அது ஒரு பக்கமாக ஒதுங்கி சம்ப்புக்குப் போகும், மிச்சத்தை நின்றபடியே குழாயால் எடுத்துவிடலாம். வேவ்மேக்கரை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், பறக்க மணல் இல்லை. குஞ்சு வளர்க்கும் பண்ணைத் தொட்டிகளிலும் புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டிகளிலும் மணல் போடாததற்குக் காரணம் இதுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: வெறும் தரை நைட்ரேட்டைக் குறைக்காது. கசட்டை அழுகும் முன் எடுக்க வழி விடும், அவ்வளவே. எடுக்காமல் விட்டால் மணல் இருந்ததும் இல்லாததும் ஒன்று.

மணலோடு போகிற பாக்டீரியாவை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தத் தொட்டியில் பதில் இருந்தது. செராமிக் கற்களும் சம்ப்பின் வளையங்களும் ஒரு வருஷத்துக்கு மேல் ஊறியவை. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அவற்றின் பரப்பு போதும். புதிதாக வைத்த தொட்டியாக இருந்தால் மணலை எடுக்க இவ்வளவு தைரியம் வந்திருக்காது.

கோமாளி மீனுக்கு மணல் தேவையில்லை. அதோடு கம்பளக் கடற்சாமந்தி (கோமாளி மீன் தங்கும் அனிமோன் என்ற கடலுயிர்) வைக்க விரும்பியிருந்தால் கதை வேறு. நம் கடலில் செபே கோமாளி மீன் குடியிருக்கும் ஹட்டோனி கம்பளக் கடற்சாமந்தி மணலில் கால் புதைத்து நிற்பது. காக்காவிடம் அது இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. டாம்சலுக்கும் மணல் வேண்டாம். மிச்சம் ராஸ்.

அந்த மஞ்சள் ராஸ் தூங்குவதை முதல் நாளே பார்த்திருந்தேன். விளக்கு அணைவதற்குச் சற்று முன் வலது மூலையை இரண்டு சுற்றுச் சுற்றும். பிறகு உடம்பைச் சாய்த்து, தலையை மணலில் செருகி, வாலை நாலைந்து தடவை படபடவென்று அடிக்கும். மணல் மேலே எழுந்து அடங்கும்போது மீன் இருக்காது. வால் நுனி கூட வெளியே தெரியாது. பயந்தாலும் அதே மூலைக்குத்தான் ஓடும். இந்த மீனை வெறும் கண்ணாடியில் விட்டால் தலையால் கண்ணாடியை முட்டும், வாயில் புண் வரும், இரவெல்லாம் தூங்காது, ஒரு நாள் துள்ளி வெளியே விழும். "அதை வேற யாருக்காவது குடுத்துடலாமா தம்பி?" என்று காக்கா கேட்டார். கேட்டபோதே அவர் முகத்தில் அதற்கு மனமில்லை என்று தெரிந்தது.

ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தோம். ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலம், நான்கு அங்குல உயரம். கடையில் வாங்கிய மெல்லிய அராகனைட் மணல், மூன்று அங்குலம் நிரப்பி, அதே வலது மூலையில். "இதுவும் மூணு அங்குலம்தானே?" என்று கேட்டார் காக்கா. நியாயமான கேள்வி. மீனின் உடம்பு மறைய அவ்வளவு வேண்டும். இந்தப் பெட்டியை மட்டும் அப்படியே தூக்கி, மாற்றிய பழைய தொட்டி நீரில் அலசித் திரும்ப வைக்கலாம். ராஸ் வேறு தினமும் அதைக் கிளறிக்கொண்டே இருக்கும்.

எடுத்த விதம்

ஏறக்குறைய 42 லிட்டர் மணல், ஐம்பது கிலோவுக்கு மேல். இதை ஒரே நாளில் எடுக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு பட்டை என்று பிரித்து, ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய பத்து சதவீத நீரோடு சேர்த்தே மணலை முக்கால் அங்குலக் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். காற்றுக்கல் இரண்டு ஓடிக்கொண்டே இருந்தது. சம்ப்பில் புதுக் கரிப்பை. ஒவ்வொரு பட்டைக்கும் பிறகு மூன்று நாள் அமோனியா பார்க்கும் பொறுப்பை காக்காவின் மகள் எடுத்துக்கொண்டாள். தேதி போட்டு நோட்டில் எழுதியும் வைத்தாள்.

முன்பக்கம் முதலில், கறுப்பு இல்லாத இடம். கற்கள் மணல் மேலேயே நின்றதால் அவற்றுக்கு அடியில் நேராகக் குழாய் விட்டால் சரிந்து கண்ணாடியை உடைக்கும். கற்களை எடுத்துத் தொட்டி நீர் நிறைந்த டப்பில் வைத்துவிட்டு, பின்பக்கத்தைச் செய்தோம். கறுப்பில் குழாயின் வாயை மணலோடு ஒட்டிப் பிடித்தால் கறுப்பு நீர் தொட்டியில் கலக்காமல் நேராக வாளிக்குப் போகும். வாளியை முற்றத்தில் வைத்திருந்தோம். அப்படியும் அன்று தெருவுக்கே தெரிந்தது. ராஸ் தூங்கும் மூலையைக் கடைசியில்தான் தொட்டோம். அதற்கு முந்தின வாரமே பெட்டியை அங்கே இறக்கிவிட்டதால் மீன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தானாகவே பெட்டிக்குப் போய்விட்டது.

கற்களைத் திரும்ப அடுக்கும்போது மணல் நிறத்தில் ஒரு பிவிசி தகடு அடியில் போட்டோம். கல் நேராகக் கண்ணாடியில் உட்காராது, கீழிருந்து வெளிச்சம் எதிரொளித்து மீன் மிரளவும் செய்யாது. மூன்று இடத்தில் மட்டும் கல் தரையைத் தொடுகிறது. அடியில் நீர் புகுந்து ஓடுகிறது. இரண்டாவது வேவ்மேக்கர் பின்பக்கத்தைப் பார்த்து.

எடுத்த மணலைக் கடலில் கொட்டவில்லை. நம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். தொட்டிக்குள் போன எதுவும் கடலுக்குத் திரும்பக் கூடாது. நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெயிலில் காய்ந்தபின் முற்றத்துக் கல்பாவும் வேலைக்குப் போனது.

பிறகு

அமோனியா ஒரே ஒரு முறை, கறுப்புப் பட்டை எடுத்த மறுநாள், லேசாக நிறம் காட்டியது. இன்னொரு முறை நீர் மாற்றியதும் போய்விட்டது. நாற்றம் அதன்பிறகு இல்லை. உம்மா இப்போது பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுகிறார்.

நைட்ரேட் மெதுவாகத்தான் இறங்குகிறது. சிவப்பு ஆரஞ்சுக்கு வந்திருக்கிறது. மணலைக் குறை சொன்னவர்கள் எதிர்பார்த்தது போல ஒரே வாரத்தில் சரியாகவில்லை. தீனி குறைந்த பிறகுதான் நிறம் மாறத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, ஒரே ஆள், அதுவும் மகள்தான் என்று இப்போது விதி.

காக்காவின் மனைவிக்கு ஒரு குறை உண்டு. முன்பெல்லாம் தெரியாத அழுக்கு இப்போது தகட்டின் மேல் பழுப்பாகத் தெரிகிறது, விருந்தாளி வரும்போது கூச்சமாக இருக்கிறது என்கிறார். லாத்தா (அக்கா) சொல்வது உண்மை. அந்தப் பழுப்பு முன்பு மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இடது முன்மூலையில் அது சேரும்படி வேவ்மேக்கரைத் திருப்பிவிட்டேன். நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் குழாயால் எடுத்துவிடுகிறார்கள். கல்போல் படரும் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி தகட்டைப் பிடித்து மூட ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை தரை வெளிறித்தான் இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது தண்ணீரில். கச்சான் காலத்துக்கு முன்பே தென்கடல் அமைதியாக இருக்கும்போது அள்ளி, மூடிய தொட்டியில் இருட்டில் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் ஐந்து மைக்ரான் பை வழியாக எடுக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். வாடை மழை பலமாகப் பெய்த வாரங்களில் கரையோரத் தண்ணீரில் உப்பும் குறையும், ஊர்க் கழிவும் கலக்கும். அப்போது படகுக்காரரே கொண்டுவந்தாலும் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும். நம் ஊர்க் கிணற்று உவர்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அடுத்த முறை போகும்போது ராஸின் பெட்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.